ஒரு பக்கத்துக்குள் அடங்கிய குறைகள்

“நெருக்க முடியுமா?” என்று கேட்டார் இயக்குநர் அழகுராஜா.

“முடியும் சார்” என்றாள் மாரீஸ்வரி.

பதில் தெரிந்த கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியை முடிக்குமுன் கையைத் தூக்கிய பிள்ளை அவள். அந்தப் பழக்கம் ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் வேலை பார்த்த இடத்துக்கு மக்கள் குறைப் பொலிவு வாரியம் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் போகிற வழியில், ஒரு மாடியில் இருந்தது. குறையைத் தீர்ப்பது வாரியத்தின் வேலை என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஜனங்கள் கொடுக்கிற மனுவை வலைப்பக்கத்தில் பொலிவாக வைப்பதுதான் வேலை. வைத்ததை மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கூட்டத்தில் கொடுப்பார்கள். ரோட்டுக்காரர், தண்ணீர்க்காரர், கரண்ட்டுக்காரர் என்று எல்லா அலுவலகத்து ஆட்களும் அதைப் பார்த்துத் தங்கள் பங்கைத் தீர்க்க வேண்டும். பார்த்தால்தானே தீர்ப்பார்கள்? அதனால் பார்வையே சேவை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது.

மாரீஸ்வரி ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். ஒப்பந்த வேலை. இயக்குநர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷமும் உண்டு. போடாவிட்டால் வீட்டில் இருக்கலாம். வலைப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு கோப்பில் இருக்கும். அது கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பது இன்னொரு கோப்பில் இருக்கும். அதற்கு ஸ்டைல் ஷீட் என்று பேர். எழுத்துக்கு என்ன நிறம், என்ன பருமன், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதெல்லாம் அதில் ஒவ்வொரு வரி. அந்தக் கடைசி வரி ஒன்று வாரியத்தில் இவ்வளவு தூரம் உத்தியோகம் பார்க்கும் என்று அதைக் கண்டுபிடித்தவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது நாணய விவகாரம். வாரியத் தலைவரின் பெயர் பக்கத்து வார்த்தையோடு ஒட்டி நிற்கிறது என்று கண்காணிப்பாளர் முத்துராமலிங்கம் ஒருநாள் கண்டுபிடித்தார்.

“ஏம்மா மாரீஸ்வரி, தலைவர் பேருக்குப் பக்கத்துல ‘மற்றும்’னு ஒரு வார்த்தை தோளோட தோள் ஒரசிக்கிட்டு நிக்குது. நேர்ல அப்படி எவனாவது நிக்க முடியுமா?”

“எல்லா வார்த்தைக்கும் ஒரே இடைவெளிதான் சார். நார்மல்னு போட்டிருக்கு.”

“நார்மலா? நம்ம ஆபீஸ்ல எதும்மா நார்மலா இருக்கு? தேர் வாரப்ப சனம் வெலகுதா இல்லையா? அந்த மாதிரி வெலகணும்.”

எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு அவரே அளவும் வைத்திருந்தார். தலைவர் பெயருக்கு இரு பக்கமும் ஒரு பத்து ரூபாய் நாணயம் தாராளமாக உட்கார வேண்டும். இயக்குநருக்கு ஐந்து ரூபாய். கண்காணிப்பாளருக்கு இரண்டு. சட்டைப் பையிலிருந்து நாணயங்களை எடுத்துக் கணினித் திரையில் வைத்து வைத்துப் பார்த்தார். திரையில் நாணயம் நிற்காது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால், “கொஞ்சம் விடும்மா, இன்னும் கொஞ்சம், போதும்” என்று லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோலக் காட்டினார்.

அந்தக் கோப்பிலேயே ‘இம்பார்ட்டன்ட்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு வரிக்குப் பின்னால் அதைப் போட்டால் மற்ற வரிகள் அதை மீற முடியாது. இது எப்படியோ வெளியே தெரிந்துபோய், பிரிவு எழுத்தர் வரைக்கும் ஒவ்வொருவராக அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, “நமக்கும் பின்னால அதைப் போட்டுருங்க” என்றார்கள். போட்டாள். எல்லாரும் இம்பார்ட்டன்ட் ஆன பிறகு பக்கம் பழையபடி வந்து நின்றது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எல்லாருக்கும் திருப்தி.

இதிலெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லை என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது தனக்குள் சிரித்துக்கொள்ளவும் செய்தாள்.

அதன் பிறகுதான் மேலிடத்து உத்தரவு வந்தது. ஒரு வட்டாரத்தின் குறைகள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சாதனைகள் மூன்று பக்கத்துக்குக் குறையக் கூடாது. வாரியத்தின் கைவசம் குறைகள் பதினாறு பக்கமும், சாதனை ஒரு வரியும் இருந்தன. அந்த ஒரு வரி: கைகழுவும் குழாய் பழுது நீக்கப்பட்டது. அதுவும் வாரியத்தின் சொந்தக் குழாய்.

“எழுத்தைச் சின்னது பண்ணிரலாமா சார்?” என்றாள் மாரீஸ்வரி.

“எழுத்தின் அளவைக் குறைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு” என்றார் முத்துராமலிங்கம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார். சும்மா இடம்.”

“அதைப் பத்திச் சுற்றறிக்கை உண்டா முத்துராமலிங்கம்?”

“இல்லைங்க சார்.”

“ஒண்ணுமில்லாத ஒரு விஷயத்துக்கு எதுக்குப் பக்கம் பக்கமா அரசாங்கத்து இடம்? நெருக்க முடியுமா?”

அப்போதுதான் அவள் முடியும் என்றாள்.

நெருக்கினாள். இடைவெளிக்குப் பூச்சியத்துக்குக் கீழேயும் எண் கொடுக்கலாம். முதலில் வார்த்தைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. சாதனை வரியை அதே கோப்பில் எதிர்த்திசையில் விரித்தாள். ‘கைகழுவும்’ ஒரு பக்கத்தின் மேலே நின்றது, ‘குழாய்’ நடுவில், ‘நீக்கப்பட்டது’ மூன்றாம் பக்கத்தின் அடியில். கூட்டத்தில் சாதனையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். குறைகளைப் பார்த்தவர் ஒருவர், “கண்ணாடி எடுத்துட்டு வரல” என்று மடித்து வைத்தார். மற்றவர்களும் அன்றைக்குக் கண்ணாடி எடுத்து வந்திருக்கவில்லை.

பயிற்சி நாள் என்று ஒன்று வைத்து இயக்குநர் உரையாற்றினார்.

“நெருக்கம் என்பது எளிய மக்களின் பண்பாடு. அவர்கள் பஸ்ஸில் நெருங்கி நிற்கிறார்கள். ரேஷன் கடையில் நெருங்கி நிற்கிறார்கள். ஒரே அறையில் ஆறு பேர் உறங்குகிறார்கள். ஆகவே அவர்களுடைய மனுவும் நெருங்கி நிற்பதில் அவர்களுக்குச் சங்கடம் இருக்காது. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் காற்றோட்டம் பழகிவிட்டது. ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் பொறுப்பேற்ற பிறகு இந்த வட்டாரத்தில் ஒரு குறையைக்கூட நான் பார்த்ததில்லை.”

கை தட்டினார்கள். மாரீஸ்வரியும் தட்டினாள்.

மனுக்கள் வந்துகொண்டே இருந்தன. வர வர எண்ணைக் கீழே இறக்கினாள். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இரண்டு மனுவுக்கு நடுவே புது வரி விடுவதும் வீண் என்று அதையும் எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் இந்த வட்டாரத்தின் குறைகள் அத்தனையும் ஒரே வரியில், ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்து, திரையின் குறுக்கே மை கொட்டியதுபோல ஒரு கருப்புக் கோடாக நின்றன.

“பாருங்க, பார்டர் மாதிரி எம்புட்டு லட்சணமா இருக்கு” என்றார் முத்துராமலிங்கம்.

அந்தக் கோட்டுக்குள் பெனினும் இருந்தான். பெனின், ராஜபாளையத்தில் மாரீஸ்வரி குடியிருந்த தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. பேண்டேஜ் துணி மில்லில் பொட்டலம் கட்டுகிற வேலை. தெரு முக்கில் சாக்கடை வாறுகால் மேல் இருந்த கல் சிலாப் உடைந்து விழுந்து, ஒரு ஆள் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு வாய் திறந்து கிடந்தது. அதற்காகத்தான் மனு. அது தீர்கிற வரைக்கும் அவன் மில் சுவரை ஒட்டிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான்.

அவன் போன், வலைப்பக்கத்தில் இருப்பதை வாசித்துக் காட்டும். காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே வாரியத்தின் பக்கத்தைக் கேட்பான். கோடு கண்ணுக்குத்தான் கோடு. போனுக்கு அது பழைய மனுக்களேதான். வார்த்தை வார்த்தையாக வாசித்தது.

“எம் மனு பத்திரமா இருக்குக்கா” என்று மாரீஸ்வரியிடம் சொல்வான். “தேவதானம் மடைக்குப் பொறவு நாந்தான். அங்க ஒருத்தரு பாவம், மடை ஒடஞ்சு நெல்லு அம்புட்டும் போச்சாம். நீங்க வச்சிருக்கதாலதான வெளிய தெரியுது.”

“ம்” என்பாள் மாரீஸ்வரி. அவள் அந்த மனுக்கள் எதையும் வாசித்ததில்லை. அளந்திருக்கிறாள்.

குறையே இல்லாத வட்டாரத்தைப் பார்த்துப் படிப்பதற்கு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்தது. மனுக் கொடுத்துப் பயனடைந்தவர் ஒருவர் மேடையில் இருக்க வேண்டும் என்றார் முத்துராமலிங்கம். “சத்தம் போடாத ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க.” மாரீஸ்வரிக்குத் தெரிந்ததில் சத்தம் போடாத ஆள் பெனின்தான். மில்லுக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

வந்தவர்களுக்குப் பால்கோவா கொடுத்தார்கள். பெரிய திரையில் பக்கத்தைக் காட்டினார்கள். இயக்குநர் நீளக் குச்சியால் கோட்டைத் தொட்டார். “எங்கள் வட்டாரத்தின் மொத்தக் குறையும் இவ்வளவுதான்.”

“ஒரே ஒரு கோடா?” என்று வந்திருந்த அதிகாரி எழுந்தே விட்டார். “எங்களுக்கு நாப்பது பக்கம் சார். எப்படி இதைச் சாதிச்சீங்க?”

“கோடா?” என்று பெனின் மாரீஸ்வரி பக்கம் திரும்பினான். “என்ன கோடுக்கா? மனுவெல்லாம் எங்க?”

“செத்த நேரம் பேசாம இரு பெனின்.”

“இல்லக்கா, காலையில இருந்துச்சே. இருங்க, போட்டுப் பாக்கேன்.”

போனை எடுத்து விரலால் தட்டினான். கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டினான். போன் உணர்ச்சியே இல்லாத குரலில் வாசிக்கத் தொடங்கியது. சேத்தூர்ப் பாதையில் தெருவிளக்கு எரியவில்லை. தேவதானத்தில் கண்மாய் மடை உடைந்து பயிர் மூழ்கிவிட்டது. ராஜபாளையத்தில் வாறுகால் சிலாப். தண்ணீர் பதினைந்து நாளாக வரவில்லை. முதியோர் பணம் எட்டு மாதமாக வரவில்லை, நான் தனியாள், கால் வீக்கம். போன் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது. பால்கோவா வாயில் வைத்தவர்கள் மெல்லாமல் இருந்தார்கள். முத்துராமலிங்கம் பெரிய திரையின் பின்னால் போய் எந்த ஒயரைப் பிடுங்குவது என்று தேடினார்.

“ரெண்டாவதா ரகசியப் பக்கம் ஒண்ணு வச்சிருக்கீங்களா சார்?” என்றார் வந்திருந்த அதிகாரி.

“அது சோதனை ஓட்டம்” என்றார் இயக்குநர்.

குழு போன பின் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடந்தது.

“கண்ணுக்குத் தெரியாத குறை காதுக்குக் கேட்டா அது இரட்டை நிர்வாகம்” என்றார் இயக்குநர். “பார்வை உள்ளவங்களுக்கு ஒரு வட்டாரம், இல்லாதவங்களுக்கு ஒரு வட்டாரம்னு இருக்கலாமா? சமத்துவம் வேணாமா? ஏம்மா, அந்தப் போனோட வாயை மூட வழி இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் வேறு ஒருவருக்கும் அதைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. ‘அது போன்காரன் செய்கிற வேலை சார், நம்ம கையில் இல்லை’ என்றால் தலையாட்டியிருப்பார்கள். மேசை மேல் அவளுடைய ஒப்பந்தம் கிடந்தது. ஆனால் அதைப் பார்த்துத்தான் சொன்னாளா என்றால், அதுவும் இல்லை. கேள்வி வந்தது, பதில் தெரிந்தது.

“இருக்கு சார்.”

இது ஸ்டைல் ஷீட்டில் இல்லை. வலைப்பக்கக் கோப்பிலேயே ஒரு சொல்லை எழுதிவிட்டால், வாசித்துக் காட்டுகிற கருவிக்கு அந்தப் பகுதி இருப்பதே தெரியாது. எழுதினாள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

“அந்தப் பையன் மனுவையாவது தீர்த்துரலாமா சார்?” என்று வெளியே வரும்போது முத்துராமலிங்கத்திடம் கேட்டாள்.

“எந்த மனு? பக்கத்துல காட்டும்மா, தீர்த்துருவோம்.”

ஒரு வாரம் கழித்துத் தெருவில் பெனின் நிறுத்தினான். “அக்கா, எம் போனுக்கு வயசாயிட்டு போல. உங்க பக்கத்துக்குப் போனா தலைவர் பேரு, குழாய்க்கதை எல்லாம் சொல்லுது. மனுக்கிட்ட வந்தா ஊமையாயிருது.”

“போன்ல எதும் கோளாறா இருக்கும்” என்றாள் மாரீஸ்வரி. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டு உட்கார்ந்தவள், கையை உதறிவிட்டு எழுந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தாள். மறுநாள் வந்தபோதும் நாளைக்கு என்றாள். இப்போதெல்லாம் அவன் குச்சிச் சத்தம் கேட்டால் நடையை வேகமாக்கினாள். அவனுக்கு அவள் காலடியை அடையாளம் தெரியும் என்பது நினைவு வந்து, செருப்பை மாற்றினாள்.

இதற்கு நடுவில் வாரியம் ‘குறையில்லா வட்டாரம்’ என்று தெருத்தெருவாக விளம்பரத் தட்டி கட்டியது. தகரத்தில் ஒட்டிய படம், இயக்குநர் கை கூப்பியபடி. தெரு முக்கில் இருந்த தட்டியை டீக்கடைக்காரர் கழற்றி, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதே என்று வாறுகால் வாய் மேல் போட்டு, ஓரத்தில் நாலு செங்கல்லை வைத்தார். கண் உள்ளவர்கள் இயக்குநரை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்கள்.

அன்றைக்கு மாரீஸ்வரிக்குப் பாராட்டு. மாநிலத்திலேயே சிறந்த பக்கம் என்று கேடயம் வந்திருந்தது. சால்வையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. பெனின். எடுக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள், எடுத்துவிட்டாள்.

“அக்கா, போனைக் கடையில காட்டினேன். ஒண்ணும் கோளாறு இல்லைன்னுட்டாரு. பொறவுதான் மண்டையில ஒறைச்சுது.” அவன் குரலில் சிரிப்பு இருந்தது. “எல்லா மனுவும் தீந்துட்டு, அதான் வாசிக்க ஒண்ணுமில்ல. அப்படித்தான? அந்த மடைக்காரரு, பணம் வராத ஆச்சி, எல்லாருக்கும் முடிஞ்சிருக்கும்லா. நீங்க சொல்லவே இல்ல பாத்தீங்களா.”

“பெனின், நீ எங்க இருக்க?”

“மில்லுல இருந்து வாரேன். இன்னைக்குச் சுத்தாம நேர் வழியா வாரேன். முக்குக்கு வந்துட்டேன். ஆமாக்கா, புதுசாப் போட்டிருக்காக, குச்சிக்குத் தட்டுப்படுது. ஆனா சத்தம் கல்லு மாதிரி இல்லையே, டங்குனு…”

“நில்லு. கால வைக்காத. பின்னால வா. பெனின், பின்னால வா.”

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். போனில் குச்சி தகரத்தில் உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு அவன் மூச்சு.

“வந்துட்டேன்க்கா. என்னக்கா?”

“சிலாப் போடல. அது தகரம். ஒண்ணும் தீரல பெனின். அம்புட்டு மனுவும் அப்படியேதான் இருக்கு.”

“அப்ப போன் ஏன் வாசிக்கல?”

“நாந்தான் வாசிக்கவிடாமப் பண்ணினேன்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியாமப் பண்ணிட்டீங்களாக்கா?” என்று கேட்டான்.

“தெரிஞ்சுதான்.”

ஒரு லாரி அவனைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. “சரிக்கா” என்றான். “எனக்கு இப்ப எந்தப் பக்கம் தரை, எந்தப் பக்கம் தகரம்னு குழம்பிட்டு. இங்கனயே நிக்கேன். நீங்க வந்து கையப் பிடிச்சாத்தான் நகருவேன்.”

“வேற யாராவது கையப் பிடிக்கச் சொல்லு. நான் வர நேரமாகும்.”

“வேண்டாம்க்கா. நீங்களே வாங்க.”

மாரீஸ்வரி தன் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி. வலைப்பக்கத்தில் ஒரு சொல். இரண்டையும் அழித்தாள். இத்தனை நாள் முடியாததாகக் கிடந்த காரியம், மூக்கைச் சிந்துகிற நேரத்தில் முடிந்துவிட்டது. பாராட்டுக்காகப் பெரிய திரையில் போட்டு வைத்திருந்த கோடு அவிழ்ந்தது. வார்த்தைகள் ஒன்றின் தலையிலிருந்து ஒன்று இறங்கி, தள்ளி நின்று, வரி வரியாகத் திரைக்குக் கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன.

இயக்குநர் சால்வையோடு நின்றார். “யாரு பண்ணது இது?”

“நாந்தான் சார்.”

“எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“முதல்ல இருந்தே நாந்தான் சார் பண்ணிக்கிட்டு இருக்கேன்” என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. முதல் தடவையாக அப்படி ஆயிற்று.

“அனுமதி இல்லாம வெளிய போனா ஒப்பந்தம்…” என்று முத்துராமலிங்கம் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். படிக்கட்டில் அவர் குரல் நின்றுவிட்டது.

பஸ் நிலையத்தில் ராஜபாளையம் வண்டி புறப்படத் தயாராக நின்றது. ஆள் சேரட்டும் என்று கண்டக்டர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.

“பெனின், நிக்கியா?”

“நிக்கேன்க்கா.”

கண்டக்டர் இன்னொரு வடையை எடுத்தார். அவள் வராமல் போனாலும் அவன் நின்றுகொண்டுதான் இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். பஸ் நகர்கிற வரைக்கும் அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.